இருபத்தாறு டின் பொம்மைகள்

காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குத் தோட்டத்து லாரி கேட்டில் வந்து நின்றது. காவல் கொட்டகையில் தொங்கிய கடிகாரத்தை நான் பார்த்தேன். எட்டரைக்குள் மலாக்கா போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, காவலுக்கு நின்ற மலாய்க்கார மாத்தா பெட்டியிலிருந்து ஒரு பொம்மையை எடுத்தான். போலீஸ்காரர்களை நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம். அவனுக்கு இருபது வயதுகூட இராது. பொம்மையின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். பிறகு காதோரம் வைத்து ஆட்டினான். சிரிப்பு நின்றது. இன்னொரு முறை ஆட்டினான். இடுப்புக் கத்தியை எடுத்து, பொம்மையின் தலைக்கு அடியில் ஒட்டியிருந்த துணியைக் கிழித்து உள்ளங்கையில் கவிழ்த்தான்.

"பெராஸ்!" என்று கொட்டகைக்குள் பார்த்துக் கத்தினான். அரிசி.

அது மலாயாவில் அவசரகாலம்; கம்யூனிஸ்டுகள் காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரச் சர்க்காரோடு சண்டை போட்ட சமயம். எங்கள் ரப்பர் தோட்டம் ரெம்பியாவிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்தது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி, வேலிக்கு ஒரே கேட். அந்தக் கேட்டைத் தாண்டி ஒரு மணி அரிசி வெளியே போகக் கூடாது. போனால் காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறாகிவிடும் என்பது சர்க்காரின் பயம். பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் பசியாற ஒரு ரொட்டித் துண்டுகூட மடியில் வைத்துக்கொள்ள முடியாது. கடைக்காரர் பால் டின் விற்றால், மேல்மூடியில் ஆணியால் குத்தி ஓட்டை போட்டுத்தான் கையில் தர வேண்டும். ஓட்டையில்லாத, மூடிய டின் என்று ஒன்று எங்கள் தோட்டத்தில் யார் வீட்டிலும் கிடையாது.

அப்படிப்பட்ட கேட்டுக்கு, வாய் மூடி ஒட்டிய இருபத்தாறு டின்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அரிசியை வைத்துப் பெட்டியில் அடுக்கி, என் எட்டு வயது மகளையும் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றவள் நான். ஏழாம் வகுப்பு படித்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சர். படிக்காத ஒருத்தி இதைச் செய்திருக்க மாட்டாள். அவளுக்குக் கேட்டைக் கண்டால் பயம் இருந்திருக்கும். எனக்கோ, துரைசானியின் வேலையாகப் போகிறேன் என்ற திமிர் இருந்தது.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்தது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசானிக்குச் சீமையிலிருந்து கப்பலில் வந்த படப் புத்தகம் அது. வீட்டில் வீணாகும் பொருள்களைக் கொண்டு குழந்தைகள் செய்யும் கைவேலை என்று அதன் தலைப்புக்குப் பொருள். மலாக்கா டவுனில் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். தோட்டத்துப் பிள்ளைகள் செய்த பொம்மைகளை அங்கே மேசை போட்டு வைத்துவிட்டு, முடிந்ததும் அநாதை விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். துரைசானி ஒரு மாலை பள்ளிக்கூடத்துக்கு வந்து, என் நாற்காலியில் உட்காராமல் அதன் மேல் கைக்குட்டையை மட்டும் விரித்துவிட்டு, நின்றபடியே கால் மணி நேரம் பேசினாள். பெரிய கிராணி பக்கத்தில் நின்று தமிழ் சொன்னார். தலைமைக் குமாஸ்தா; ஆபீஸில் துரைக்கு அடுத்தவர் அவர்தான். டவுனில் இங்கிலீஷ் படித்தவர். துரைசானி தும்மினால்கூட இவர்தான் எங்களுக்கு அதை மொழிபெயர்க்க வேண்டும்.

"எழுதிக்குங்க டீச்சர். முட்டை வர்ற அட்டப் பெட்டி பன்னெண்டு. நூல் சுத்துன மரக்கட்டை. பஞ்சு. அப்புறம், கக்கூஸ் காகிதம் சுத்தி வர்ற அட்டக் குழாய்."

"அது எதுக்கு கிராணி ஐயா?"

"கோட்ட கட்டலாமாம்."

என் வகுப்பில் ஒரு பயல் எழுந்து, "டீச்சர், கக்கூஸுல போயி யாரு டீச்சர் காகிதம் படிக்கிறது?" என்று கேட்டான். கிராணி அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

துரைசானிக்கு ஒன்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. எங்கள் லயத்தில் வீணாகும் பொருள் என்று எதுவுமே கிடையாது. மண்ணெண்ணெய் டின் வந்தால் அது தண்ணீர் எடுக்கும் வாளி. மாவு மூட்டை வந்தால் அது பிள்ளைகளின் கால்சட்டை. மிஷின் எழுத்து பின்பக்கம் தெரியும்படி அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வருவார்கள். பால் டின்னின் மேல்மூடியை வெட்டி எடுத்து, தகரத்தில் பிடி வைத்தால் தேத்தண்ணி குடிக்கும் கோப்பை. பழைய செய்தித்தாள் கடையில் சீனி கட்ட, அதற்குப் பிறகு அடுப்பு பற்றவைக்க. வீணானதைக் கொண்டு வாருங்கள் என்று நான் சொன்னபோது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மறுநாள் டின்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டில் அன்று காலைவரை வேலையில் இருந்த டின்.

"டீச்சர், டின்ன எடுத்ததுக்கு எங்கம்மா முதுகுல ரெண்டு வச்சாங்க."

"எங்கப்பா இன்னைக்கு செரட்டயில தேத்தண்ணி குடிச்சாரு. தொரைசானி நல்லாருக்கணும்னு சொல்லிட்டே குடிச்சாரு."

"பொய் சொல்லாத லா, உங்கப்பா வேற மாதிரில்ல சொன்னாரு!"

வகுப்பே சிரித்தது. அதை அதட்டி நிறுத்தினேன். சிரித்திருக்க வேண்டியவள் நான்தான். அந்தப் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்து, எங்களிடம் எதுவும் வீணாவதில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கணவர் அப்போது காசநோயாக மலாக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரைப் போய்ப் பார்க்கத் தோட்டத்து லாரியில் இடம் வேண்டும். லாரியில் இடம் கிராணியின் கையில், கிராணி துரைசானியின் கையில். ஆகவே சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று தலையாட்டினேன். டின் பொம்மைகள்கூடப் பிறகு அவ்வளவு நன்றாகத் தலையாட்டவில்லை.

ஆனால் பிள்ளைகள் அந்த வேலையில் இறங்கியதைப் பற்றி நான் ஏளனமாக எழுத முடியாது. பத்து நாள், மத்தியானப் பாடம் முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து செய்தார்கள். பசை வாங்க வழியில்லை. மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் உறைந்துபோகாமல் மிச்சமிருந்த ரப்பர் பாலைத் தொட்டு ஒட்டினார்கள். அது எந்தப் பசையையும்விட நன்றாகப் பிடித்தது. டின்தான் உடம்பு. திறந்த வாயில் துணியை இழுத்து ஒட்டி, அதன்மேல் துணிப்பந்தைத் தலையாக வைத்தோம். சுண்ணாம்பில் முகம், அடுப்புக்கரியில் கண், துணிக்குப் போடும் நீலத்தில் சட்டை. ஒருவன் தன் பொம்மைக்குப் தோட்டத்தில் வேலை வாங்கும் பெரிய மண்டோரைப் போல மீசை வைத்தான். ஒருத்தி மூக்குத்தி வைத்தாள். என் மகள் செய்தது மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. அப்பா கட்டிலில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றாள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள், டின் வாயை ஒட்டப்போகும் நேரத்தில், மூக்குத்திப் பொம்மைக்காரி கையை எடுத்தாள்.

"டீச்சர், இது இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குப் போறதுதானே?"

"ஆமா."

"அப்போ வெறும் டின்னாவா குடுக்குறது? எங்கம்மா வையும் டீச்சர்."

தமிழ் வீட்டில் பிறந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுக்க மாட்டோம். ஒரு பிடி அரிசியாவது சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். வெறும் பாத்திரம் கொடுத்தால் வாங்குகிற வீடு வெறுமையாகிவிடும் என்று எங்களுக்கு நம்பிக்கை. அதுவும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் கைக்குப் போகும் பாத்திரம். ரேஷன் அரிசி வாரக் கடைசிவரை பத்தாத காலத்தில் அந்தக் குழந்தை இதைக் கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. கேட் என் நினைவுக்கே வரவில்லை. ஆளுக்கொரு பிடி கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் காலை எல்லாரும் முடிச்சுக் கட்டிக் கொண்டுவந்தார்கள். என் கையாலேயே போட்டு, என் கையாலேயே ஒட்டினேன். எந்த வீடும் மறுக்கவில்லை.

இனி கேட்டுக்கு வருகிறேன்.

கொட்டகைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். மூக்கு வெயிலில் உரிந்துபோன சின்ன வயதுக்காரர். கிழிந்த டின்னைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். ஆபீஸிலிருந்து கிராணியைக் கூட்டிவரச் சொன்னார். கிராணி சைக்கிளில் வந்து இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல் அதிகாரிக்கு சலாம் வைத்தார்.

"யாரு அரிசி போட்டதுன்னு கேக்குறாரு."

என் மனதில் அப்போது ஓடியது இதுதான்: என்னைப் பிடித்து வைத்தால் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பது? அப்பன் ஆஸ்பத்திரியில். எங்கள் தோட்டத்திலேயே ஒரு ஆளை இரண்டு ராத்தல் மாவுக்காகப் பிடித்துக்கொண்டு போய், பிறகு கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பேச்சு. அவன் பெண்டாட்டி பிள்ளைகள் இங்கேயே நின்றுவிட்டார்கள். அந்தப் பயத்தில் என் வாய் திறந்தது. வந்த சொல் இது:

"எனக்குத் தெரியாதுங்க. பிள்ளைங்க வெளயாட்டாப் போட்டிருப்பாங்க."

பத்து நாள் ரப்பர் பாலில் கை வைத்துக் கஷ்டப்பட்ட பிள்ளைகளை ஒரே வாக்கியத்தில் கொடுத்துவிட்டேன். கிராணியைப் பற்றி இனிமேல் நான் எழுதப்போகிறதையெல்லாம் படிக்கும்போது, வரிசையில் முதலில் நிற்பவள் நான் என்பதை மறக்க வேண்டாம்.

அதிகாரி முட்டியை மடித்து என் மகளின் உயரத்துக்குக் குனிந்தார். கிராணியும் குனிந்தார்.

"பாப்பா, அரிசி போட்டது யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். என் கையால் நான் போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து டின்னைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"நான்தான்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"அரிசி ஏது? யாரு கொண்டாரச் சொன்னாங்க?"

அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் என்ன சொல்வது என்று நான் அவளுக்குக் காட்டியிருக்கவில்லை.

இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அவசரகாலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். வேலியைச் சுருட்டி ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் அவளைக் கேட்டதில்லை. கேட்டால், நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவள் கேட்பாள். அவள் பள்ளியிலிருந்து வரக் கால் மணி நேரம் தாமதமானால் இன்றும் நான் பாதி வழி நடந்துபோய் நிற்கிறேன்.

அதிகாரி எழுந்து கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி அதைத் தமிழில் சொன்ன விதம், பள்ளிக்கூட விடுமுறையை அறிவிப்பது போலிருந்தது.

"ரெண்டு மணிக்கு டவுன் ஸ்டேஷன் லாரி வருது. பாப்பாவ மட்டும் கூட்டிட்டுப் போவாங்க. அங்க ஒரு பொம்பள ஆபீசர் இருக்காங்க, மெதுவாக் கேப்பாங்க. நீங்க கூடப் போக முடியாது."

அப்போதுதான் எனக்குச் சொரணை வந்தது. "ஐயா, போட்டது நான். பிள்ள பொய் சொல்லுது. நான்தான் போட்டேன், நான்தான் ஒட்டுனேன்" என்று கத்தினேன். ஏன் போட்டாய் என்று கேட்டார்கள். சொன்னேன். அநாதைப் பிள்ளைகளுக்குப் போகும் பாத்திரம், வெறுமனே கொடுக்கக் கூடாது, அது எங்கள் வழக்கம்.

"நீங்களே சொல்லுங்க கிராணி ஐயா. உங்களுக்குத் தெரியாததா?"

அதிகாரி கிராணியைப் பார்த்து, இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று கேட்டார். அவ்வளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நோ சார்," என்றார். "தோட்டத்துக் கூலிகளிடம் ஏதாவது இருக்கலாம். நான் கேள்விப்பட்டதில்லை."

அதற்கு முந்தின தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு நான் ஒரு பித்தளைத் தூக்கு நிறைய முறுக்கு அனுப்பியிருந்தேன். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி தூக்கைத் திருப்பி அனுப்பினார். உள்ளே கழுத்துவரை சீனி இருந்தது. இந்த மனிதர் அந்தத் தூக்கைத் தானே சைக்கிள் கம்பியில் மாட்டிக்கொண்டு வந்து, "சிந்திராம எறக்குங்க டீச்சர்" என்று என் கையில் கொடுத்தவர். எனக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. அந்தக் கண்ணாடியை அவர் அத்தனை நேரம் துடைத்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்த மனிதனை மன்னிக்கலாம். பயத்துக்குச் சட்டை தேய்த்துப் போட்டு, அதை மரியாதை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவனை என்ன செய்வது?

அதிகாரிக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. முதலில் தெரியாது என்றாள், இப்போது தான்தான் என்கிறாள், சொல்கிற காரணமும் பொய். மூடக் கூடாத டின்களை மூடியிருக்கிறாள். இரண்டு பேரையும் கொண்டுபோக வேண்டும், தனித்தனியாக.

"துரைசானிக்குப் போன் போடுங்க கிராணி ஐயா. அவங்க சொன்ன வேலதானே இது?"

"போட்டாச்சு டீச்சர். வருவாங்க. உக்காருங்க" என்றார். பொய். போன் போடவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. துரைசானி காலை ஆறரைக்கே காரில் டவுனுக்குப் போயிருந்தாள். அவளை டவுனில் தேடிப் பிடித்து இந்தச் செய்தியைச் சொல்கிற ஆளாக இருக்க இவர் விரும்பவில்லை.

கொட்டகை ஓரத்து பெஞ்சில் நானும் மகளும் உட்கார்ந்தோம். எங்கள் எதிரில் மாத்தா ஒவ்வொரு பொம்மையாக எடுத்துக் கிழித்து, அரிசியைச் செய்தித்தாளில் கொட்டினான். டீச்சர் இல்லாததால் பள்ளிக்கூடம் நடக்கவில்லை. சின்ன வகுப்பு முழுவதும் வேலியோரம் வந்து தொங்கியது.

"டீச்சர்! அது என்னோடது! மீச வச்சது! அத வெட்ட வேணாம்னு சொல்லுங்க!"

"வெட்டட்டும் லா. மண்டோர் மீசைய வெட்டுனா நல்லதுதானே."

"என்னுதுக்கு ரத்தம் வருது பாரு! அரிசி ரத்தம்!"

சிரிப்பும் அழுகையும் கலந்து கேட்டது. கிராணி போய்க் கையை வீசி விரட்டினார். விலகிப் போய்ப் பத்தடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் அவர்களுடைய அம்மாக்கள் வேலை முடிந்து கேட்டுக்குள் வந்தார்கள். வரிசையில் நின்று சோதனை கொடுத்தார்கள். செய்தித்தாளில் கிடந்த குவியலை எல்லாரும் பார்த்தார்கள். தன் பிடி எது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அதில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். குனிந்த தலையோடு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மகள் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள். ஒரு மணி இருக்கும், என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்:

"அம்மா, அப்பா எத்தன மணி வரைக்கும் பாத்துட்டு இருப்பாரு?"

"நாலு மணி வரைக்கும் உள்ள விடுவாங்க."

"நீ போ. என்னக் கேட்டா ஸ்கூல்ல இருக்காள்னு சொல்லு."

இரண்டு மணி லாரிக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. அந்தக் கடிகாரத்தைத் தவிர நான் வேறு எதையும் பார்க்கவில்லை. அவளை ஏற்றினால் லாரிச் சக்கரத்தில் போய்ப் படுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதைச் செய்திருப்பேனா என்று தெரியாது. காலையில் நான் செய்ததைப் பார்த்த பிறகு என்னைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒன்று நாற்பதுக்கு ஒரு கார் வந்தது. துரைசானி. கண்காட்சியில் தன் மேசை மட்டும் காலியாகக் கிடந்ததால், காரணம் கேட்க வந்திருக்கிறாள். தொப்பியும் கையுறையும் போட்டிருந்தாள். அதிகாரி எழுந்து நின்று தொப்பியைத் தொட்டார். இருவரும் பேசினார்கள். அவள் ஒரு கிழிந்த பொம்மையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். அரிசிக் குவியலைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அதிகாரியும் சிரித்தார். ஆறரை மணி நேரமாக எங்கள் உயிரைப் பிடித்து வைத்திருந்த விஷயம் இரண்டு நிமிடத்தில் ஒரு வேடிக்கையாகிவிட்டது. அவர் கையால் எங்களுக்குப் போகலாம் என்று சைகை காட்டினார். மகளின் கையைப் பிடித்து எழுப்பினேன். அவள் எழுந்திருக்கவில்லை. கிராணி சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

துரைசானி என் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ பேசினாள். கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம் இந்தத் தடவ உங்கள மன்னிச்சிட்டாங்களாம் டீச்சர். பிள்ளைங்களுக்குக் கைவேல நல்லா வருதாம். கண்காட்சி வெள்ளிக்கெழம வரைக்கும் இருக்காம். அதுக்குள்ள இருபத்தாறும் திரும்பச் செஞ்சு குடுத்துடச் சொல்றாங்க."